மூட்டை உப்பில் ஒரு கடல்

வாசலைத் திறந்தால் கடலணை. அணையின் மேல் ஏறி நின்றால் வடகடல். அதைக் கடல் என்று ஒப்புக்கொள்ள வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கும். பாதி நேரம் தண்ணீர் உள்வாங்கிப்போய், கண்ணுக்கு எட்டிய வரை சேறுதான் கிடக்கும். இருந்தாலும் உப்புத் தண்ணீர் உப்புத் தண்ணீர்தானே? அப்பேர்ப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு ஹில்கே மூட்டை மூட்டையாக உப்பு வாங்கி வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் கடல் செய்துகொண்டிருந்தாள். கொல்லத் தெருவில் ஊசி விற்றால்கூடப் பாவம் பார்த்து நாலு பேர் வாங்குவார்கள். கடற்கரையில் கடல் செய்கிறவளை ஊர் சும்மா விடுமா?

உண்மையில் ஊர் சலித்துப்போய் விட்டுவிட்டது. நாத்தனார் அல்முட்தான் விடவில்லை.

அல்முட், ஹில்கேயின் கணவன் ஓக்கோவுக்கு அக்கா. கால்வாய்க்கு அந்தப் பக்கம் தனியாக இருக்கிறாள். கணவன் ஜெல்டோ போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. ஞாயிற்றுக்கிழமை மதியம் சைக்கிளில் வருவாள், "மோயின்" என்று அந்த ஊர் வணக்கம் சொல்வாள், உட்காருவாள், மூன்று கோப்பைத் தேநீர் குடிப்பாள். மூன்று என்பது அந்த வட்டாரத்துச் சட்டம். இரண்டோடு எழுந்துபோனால் வீட்டுக்காரர்மேல் கோபம் என்று அர்த்தம். போதும் என்றால் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். முதலில் கற்கண்டு, அதன் மேல் கொதிக்கிற தேநீர், கற்கண்டு படக்கென்று வெடிக்கும் சத்தம், பிறகு ஓரமாக வழியவிட்ட பாலேடு. கலக்கவே கூடாது. மேலே பாலேடு, நடுவில் கசப்பு, அடியில் இனிப்பு என்று அதனதன் முறைப்படி வர வேண்டும். அல்முட்டின் பேச்சும் அப்படித்தான். ஆனால் அடியில் இருந்த இனிப்பு வரைக்கும் யாரும் இறங்கிப் பார்த்ததில்லை.

"என்னடி இது, புதுசா ஒரு வெள்ளைத் தூளு? மீனுக்குப் பவுடர் பூசுறியா?"

"சுண்ணாம்புச் சத்து அண்ணி. பவளம் வளர்றதுக்கு வேணும்."

"எவ்ளோ கொட்டுவ? டப்பாவோடயா?"

"ஒரு ஸ்பூன்தான். தண்ணியில கரைச்சு மெதுவா ஊத்தணும். மொத்தமா போட்டா எல்லாம் கட்டி தட்டிப் போயிடும்."

"ஓகோ, பிள்ளைக்கு மருந்து குடுக்கற மாதிரி. வாசல்ல கடல் கெடக்கு, ஒரு வாளி மொண்டு ஊத்திட்டுப் போவாளா, அதை விட்டுட்டு..."

"அந்தச் சேத்துத் தண்ணிய ஊத்தினா அதுங்க ஒரு வாரம் தாங்காது அண்ணி!"

ஓக்கோ செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வான். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவனுக்குச் செய்தித்தாளின் அருமை தெரியும்.

ஹில்கேயின் பழைய தொட்டி அடுப்பங்கரைச் சுவரோரம் இருந்தது. பெரிதொன்றும் இல்லை. அதில் பவளங்கள் கொஞ்சம், இறால் ஒன்று, ஒரு ஜோடி கோமாளி மீன், அந்த ஜோடி குடியிருக்கும் கடல்சாமந்தி. செம்மண் நிறத்தில் நூறு விரல்களை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உயிர் அது. மற்ற மீன் தொட்டால் சுட்டுவிடும். கோமாளி மீன்களை மட்டும் மடியில் போட்டுத் தாலாட்டும். ஜோடியில் பெரியவள் பெண். பெயர் கெசீனா. அந்தக் குடும்பத்தில் எப்போதும் மதுரை ஆட்சிதான். புருஷன் அவளில் பாதி அளவு. அவள் தின்ற பிறகு தின்பான், அவள் முறைத்தால் நடுங்குவான். ஹில்கே தொட்டிக்குள் கைவிட்டால் கெசீனா வந்து விரலைக் கடிப்பாள். இருபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தாள். ஹில்கேயின் பிள்ளைகள் இருவரும் வளர்ந்து வேறு ஊர்களுக்குப் போன பிறகும் வீட்டிலேயே தங்கிய ஒரே ஆள் அவள்தான். ஹில்கே அப்படித்தான் சொல்வாள், சிரிக்காமலே சொல்வாள்.

அந்தத் தொட்டியின் மூலைப் பசை கசிய ஆரம்பித்தது. துடைத்தால் காய்ந்து, மறுநாள் உப்புப் பூத்து நிற்கும். எந்த நாள் மொத்தமாகப் பிளக்கும் என்று சொல்ல முடியாது. ஓக்கோவுக்கோ கப்பல் எஞ்சின் அறையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து கை அரித்துக்கொண்டிருந்தது.

"மாத்துறதுன்னா பெருசா மாத்தணும்" என்றான் அவன். "கூடத்துச் சுவர் முழுக்க."

"அடப்பாவி, தரை தாங்குமா?"

"தாங்க வைக்கிறேன். எதுக்கு நான் இருக்கேன்?"

தாங்க வைத்தான். பலகைத் தரையைப் பெயர்த்துக் கான்கிரீட் போட்டான். தொட்டிக்கு அடியில் வைக்க இரும்புச் சட்டம் ஒன்று பற்றவைத்தான். அதன் மேல் ஒரு யானை ஏறி உட்கார்ந்து ஓய்வெடுத்திருக்கலாம். மட்டப்பலகையை வைத்து வைத்துப் பார்த்தான், ஒரு தாள் கனத்துக்குக்கூடச் சாயக் கூடாது என்று. ஆயிரம் லிட்டர் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால் கண்ணாடி என்றாவது ஒரு நாள் கணக்குத் தீர்த்துவிடும். இதெல்லாம் ஹில்கேக்கும் தெரியும். ஆனாலும் அவன் கீழே படுத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, முனகிக்கொண்டே மட்டம் பார்ப்பதைக் காண அவளுக்கு மனம் நிறைந்துவிட்டது. கல்யாணமான புதிதில் தொட்டில் செய்தபோதும் இப்படித்தான் படுத்திருந்தான்.

தொட்டி வந்த அன்று ஊர்ப் பாட்டுக்குழுவின் தடித்த குரல்கள் எட்டுப் பேரும் தூக்க வந்தார்கள். வாசல் போதாமல் கூடத்து ஜன்னலைச் சட்டத்தோடு கழற்ற வேண்டியதாயிற்று. உறிஞ்சு பிடிகளைக் கண்ணாடியில் அழுத்தி ஒட்டிவைத்து, ஏலேலோ போடுவதுபோல ஒரு மாலுமிப் பாட்டைப் பாடிக்கொண்டே உள்ளே இறக்கினார்கள். தொட்டி உட்கார்ந்ததும் பீர்ப் பெட்டி திறந்தது, ஹெரிங் மீனும் வெங்காயமும் வைத்த ரொட்டிகள் காணாமல் போயின. அல்முட் தெருவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்று கழற்றிய ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"சவப்பெட்டியா ஹில்கே? ரெண்டு பேரும் சேர்ந்தே படுத்துக்கலாம் போலயே."

"உங்களுக்கும் இடம் இருக்கு அண்ணி, வாங்க!"

எட்டுப் பேரும் சிரித்தார்கள். அல்முட்டும் சிரித்ததுபோலத்தான் இருந்தது. போகும்போது கேட்டாள்: "கீழ என்னமோ கறுப்பா விரிச்சிருக்கானே, அது எதுக்கு?"

"ரப்பர் பாய். அடியில ஒரு மணல் இருந்தாலும் கண்ணாடி வெடிச்சுடும். அதான்."

"ம்" என்று சொல்லிவிட்டு அவள் சைக்கிளில் ஏறினாள்.

தண்ணீர் நிரப்புவது பெரும் பாடு. குழாய்த் தண்ணீர் ஆகாது, ஆர்.ஓ. தண்ணீர்தான் வேண்டும். அது சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பீப்பாயை அடியில் வைத்துவிட்டு ஓக்கோ அணைப் பக்கம் காலாற நடக்கப் போனான். வழியில் யாரோ பேச்சுக்கு இழுத்தார்கள். திரும்பி வந்தபோது அடுப்பங்கரை முழுக்கத் தண்ணீர், அதில் அவனுடைய செருப்பு மிதந்தது. இந்தப் பொழுதுபோக்கில் இறங்கியவர் யாராக இருந்தாலும் ஒருமுறையாவது சொந்த வீட்டை மூழ்கடிக்காமல் இருந்ததில்லை. அல்முட்டுக்கு மட்டும் யார் சொன்னார்களோ.

"நம்ம ஊர்க்காரன் ஆயிரம் வருஷமா அணை கட்டிக் கடலை வெளிய நிறுத்தி வெச்சான். என் தம்பி உள்ள இருந்தே மூழ்கடிக்கிறான். சபாஷ்!"

பிறகு உப்பைக் கரைத்தார்கள். உப்பு அளக்கிற சின்னக் குழலை ஹில்கே வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். மணலைப் பரப்பி, பாறைகளை அடுக்கி, அடியில் ஒரு தட்டை வைத்து அதன் மேல் மெல்ல மெல்லத் தண்ணீரை வழியவிட்டாள். தேநீரில் பாலேடு விடுகிற அதே பழகிய கை. அப்படியும் தண்ணீர் பால்போலக் கலங்கித்தான் நின்றது. இரண்டு நாளில் தெளிந்தது. தெளிந்ததும் பின்சுவர் வரை ஊடுருவித் தெரிந்தது. உள்ளே ஒரு உயிர்கூட இல்லை. ஹில்கேக்கு அதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்போல இருந்தது. உருளைக்கிழங்கு உரிக்கும் வேலையைக்கூடக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

அப்புறம் காத்திருக்க வேண்டும். கடல் வேலையில் சட்டென்று நடப்பதெல்லாம் கெட்டதாகத்தான் இருக்கும், நல்லது எதுவும் மெல்லத்தான் வரும். வாரங்கள் போகப் போகப் பாறைகளில் பழுப்பு நிறத்தில் ஒரு வழவழப்புப் படர்ந்தது. எல்லாப் புதுத் தொட்டியும் அந்த அசிங்கத்தைக் கடந்துதான் ஆக வேண்டும்.

"இதுக்கா இவ்ளோ பாடு? கழுவாத கக்கூஸ் மாதிரில்ல இருக்கு" என்றாள் அல்முட், இரண்டாவது கோப்பையை உறிஞ்சிக்கொண்டே. "தேய்க்க மாட்டியா?"

"தேய்க்கக் கூடாது. தானா போகும். அதுவரைக்கும் கை வைக்காம இருக்கறதுதான் கஷ்டம்."

"கை வைக்காமயேவா?"

"ஆமா அண்ணி."

"தானாவே போயிடுமா?"

"போயிடும்னு சொல்றேன்ல!"

அன்றைக்கு ஹில்கேக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கேலி செய்கிறவள் செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே, துருவித் துருவி வேறு கேட்க வேண்டுமா? விளக்கு எதற்கு நீலம், நுரை எடுக்கிற குழாயில் வருகிற அழுக்கு என்ன நிறத்தில் இருந்தால் சரி, நத்தை எத்தனை போட்டாய் என்று ஒவ்வொரு ஞாயிறும் ஒரு விசாரணைக் கமிஷன்.

பழுப்பு போனது. நத்தைகள் மேய்ந்தன. பவளங்களை ஒன்றொன்றாகப் புது வீட்டுக்கு மாற்றினாள். கடைசியில் கடல்சாமந்தியை, அது பிடித்திருந்த கல்லோடு தூக்கி வைத்தாள். கெசீனாவையும் புருஷனையும் வாளியில் விட்டுப் புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழக்கி விட்டாள். கெசீனா அந்த நீளமான தொட்டியை ஒருமுறை முழுக்கச் சுற்றி வந்தாள். பிறகு தன் சாமந்திக்குள் புகுந்து, தலையை மட்டும் வெளியே நீட்டி, வந்து பார்த்த ஓக்கோவைக் கண்ணாடிக்கு உள்ளிருந்தே கடிக்கப் பார்த்தாள்.

"இடம் பிடிச்சிருக்காம்" என்றான் ஓக்கோ.

கடல்சாமந்திக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. இடம் மாற்றினால் ஒழுங்காக உட்காராது. ஒற்றைக் காலால் மெல்ல ஊர்ந்து, தனக்குப் பிடித்த வெளிச்சத்தையும் ஓட்டத்தையும் தேடிப் போகும். போகிற வழியில் நீரோட்டத்துக்கு வைத்த பம்பு இருந்தால் உறிஞ்சப்பட்டுச் சின்னாபின்னம்தான். அதனால் பம்புகளின் மேல் கறுப்புப் பஞ்சுக் கூண்டு மாட்டுவார்கள். ஹில்கே மாட்டியிருந்தாள். பார்க்கச் சகிக்காது, ஆனால் உயிர் காக்கும்.

தொட்டியைக் கரையேற்றியதற்கு நன்றியாகப் பாட்டுக்குழுவை ஒரு ஞாயிறு தேநீருக்கு அழைத்தாள். அல்முட்டும் வருவாள். அன்று காலை எல்லாவற்றையும் துடைத்து, கண்ணாடியைப் பளிச்சென்று தேய்த்து, எட்ட நின்று பார்த்தாள். இரண்டு ஓரத்திலும் அந்தக் கறுப்புக் கூண்டுகள், பாசி பிடித்து, திருஷ்டிப் பொட்டுபோல. அல்முட்டின் கண் நேராக அங்கேதான் போகும் என்று அவளுக்குத் தெரியும். சாமந்தியும் ஒரு வாரமாக நகரவில்லையே. கொஞ்ச நேரத்துக்குத்தானே என்று இரண்டையும் கழற்றினாள். தொட்டி அப்படியே வெளிநாட்டுக் கடலில் ஒரு துண்டாக ஜொலித்தது. வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். அல்முட்கூட முதல் கோப்பை முடியும் வரை எதுவும் சொல்லவில்லை. ஹில்கேக்குத் தலைகால் புரியவில்லை. பாட்டும் பீருமாகப் பொழுது போயிற்று. கூண்டுகள் அடுப்பங்கரையில் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊறிக்கொண்டே கிடந்தன.

மறுநாள் காலையில் தண்ணீர் கலங்கியிருந்தது. கடல்சாமந்தி இருந்த கல் காலி. பம்பைச் சுற்றிச் செம்மண் நிறத் துணுக்குகள் மிதந்துகொண்டிருந்தன.

ஹில்கே கத்தவில்லை. ஓக்கோவை எழுப்பினாள். எப்போதும் தயாராகக் கரைத்து வைத்திருக்கும் உப்புத் தண்ணீரை எடுத்தார்கள், பாதித் தொட்டியை இறைத்து மாற்றினார்கள், கரித்தூள் பைகளைப் போட்டார்கள். மதியத்துக்குள் பவளங்கள் திரும்ப மலர ஆரம்பித்தன. மீன் எதுவும் சாகவில்லை. வேலை முடிந்த பிறகுதான் அவள் அடுப்பங்கரைக்குப் போய், ஊறிக்கொண்டிருந்த கூண்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு அழுதாள்.

"யாருக்காகக் கழட்டினேன் பாரு. அவ ஒரு வார்த்தை நல்லதா சொல்லணும்னு. எனக்கு எதுக்கு அது?"

ஓக்கோவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. கூண்டுகளை அவள் கையிலிருந்து வாங்கி, பிழிந்து, போய் மாட்டினான்.

கெசீனா தொட்டியின் பின்மூலையில், குழாய்க்கும் கண்ணாடிக்கும் இடையில் போய் நின்றுகொண்டாள். சாப்பிட வரவில்லை. விரலைக் கொண்டுபோனால் கடிக்கவில்லை. அதுதான் ஹில்கேயைக் கலக்கியது. ஓக்கோ ஓல்டன்பர்க் வரை வண்டி ஓட்டிப் போய்க் கடையிலிருந்து வேறொரு சாமந்தி வாங்கிவந்தான், பச்சையாக, அழகாகத்தான் இருந்தது. கெசீனா அதன் பக்கம் திரும்பவே இல்லை. புருஷன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான், அவள் முறைத்ததும் அவனும் மூலையில் போய் நின்றான். இருபது வருடம் ஒரே மடியில் படுத்தவளை இன்னொரு மடிக்குப் போ என்றால் போவாளா? ஹில்கே அப்படித்தான் நினைத்தாள். அந்த வயதில் பட்டினி கிடந்தால் எத்தனை நாள் தாங்குவாள் என்றும் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அல்முட் வந்தாள். நடந்ததைச் சொன்னார்கள்.

"எல்லாமேவா போச்சு? ஒரு துண்டுகூட மிஞ்சலையா?"

"இல்ல."

"பெரியவ சாப்பிடறாளா?"

"இல்ல அண்ணி."

அல்முட் தொட்டியருகே போய்க் குனிந்து மூலையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். திரும்பி வந்து இரண்டாவது கோப்பையைக் குடித்தாள். ஹில்கே மூன்றாவதற்குக் கெண்டியைத் தூக்கியபோது எழுந்துவிட்டாள். "வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஹில்கே கெண்டியைப் பிடித்தபடியே நின்றாள். இரண்டோடு எழுந்துபோவதா! அதுவும் இந்த நிலைமையில்!

"ஒரு மீனுக்கு இப்படியான்னு நினைச்சிருப்பா" என்றாள். "நினைச்சுட்டுப் போகட்டும்."

"ரேவர்ட்கிட்ட கேட்டுப் பாரேன்" என்றான் ஓக்கோ, மெல்ல.

அந்தப் பெயர் அந்த வீட்டில் சில வருடங்களாக அடிபடுவதில்லை. ரேவர்ட் நோர்டனில் இருக்கிறவன், கடல்தொட்டிச் சங்கத்தில் ஹில்கேயோடு ஆரம்பத்திலிருந்து இருந்தவன். அந்தச் சங்கத்தில் எழுதாத விதி ஒன்று உண்டு: ஒன்று வளர்ந்தால் பாதியை வெட்டிக் கொடு. இன்றைக்கு உன் தொட்டி செத்தால் நாளைக்கு அந்தப் பாதியிலிருந்து ஒரு பாதி உனக்குத் திரும்ப வரும். இன்னொரு விதி: வாங்கியதைக் கொடுத்தவருக்குச் சொல்லாமல் கைமாற்றாதே. ஹில்கேயின் சாமந்தி ஒருமுறை தானாகவே இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதியை ரேவர்ட்டுக்குக் கொடுத்தாள். சில மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அவன் தொட்டியில் அது இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, "இப்ப இங்க இல்ல" என்பதற்கு மேல் அவன் வாயைத் திறக்கவில்லை. விற்றுவிட்டான், அல்லது கொன்றுவிட்டான் என்று முடிவு செய்து அன்றோடு அவனிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

மறுநாள் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு நோர்டனுக்குப் போனாள். ரேவர்ட் கதவைத் திறந்தான், "மோயின்" என்றான், நேற்றுத்தான் பார்த்தவன்போல. உட்கார வைத்தான். கற்கண்டைப் போட்டான், ஊற்றினான்.

"எதுக்கு வந்திருக்கேன்னு தெரியுமா?"

"தெரியும்."

"யாரு சொன்னா?"

அவன் பாலேட்டை ஓரமாக விட்டுக்கொண்டே, "உன் சாமந்தி உசுரோடதான் இருக்கு ஹில்கே. நல்லா இருக்கு" என்றான்.

ஹில்கே நாற்காலி நுனிக்கு வந்தாள். அடுத்த நொடியே கோபம் வந்தது. "அப்ப இத்தன வருஷமா வாய்ல என்ன வெச்சிருந்த? கொழுக்கட்டையா?"

"யாருகிட்ட இருக்குன்னு சொல்ல மாட்டேன்னு வாக்கு குடுத்திருந்தேன். முக்கியமா உன்கிட்ட சொல்லக் கூடாதாம்."

"என்கிட்டயா? ஏன்?"

"அதைச் சொன்னா யாருன்னு தெரிஞ்சுடுமே."

"நான் உன்ன எவ்ளோ திட்டியிருக்கேன் தெரியுமா? ஊர் பூராச் சொல்லியிருக்கேன்யா, இவன் திருடன்னு."

"கேள்விப்பட்டேன்" என்றான் ரேவர்ட். "வாக்குன்னா வாக்குதானே. குடி, ஆறிடும்."

ஹில்கே குடித்தாள். கோபத்தோடு குடித்தாலும் நல்ல தேநீர் நல்ல தேநீர்தான். மூன்றாவது கோப்பையின்போது அவனே சொன்னான்: "இன்னைக்குக் காலைல எனக்கு ஒரு போன் வந்துது. குடுக்கறதா வேண்டாமான்னு ராத்திரி பூரா தூக்கமில்லையாம். நீ சீக்கிரம் வீட்டுக்குப் போ."

அவள் கரண்டியைக் கோப்பைக்குள் வைத்தாள். வாசலில் நின்று, "ரேவர்ட், நான் உன்னப் பத்தி..." என்று ஆரம்பித்தாள்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன், தொட்டியைக் காட்டு" என்று அவன் கதவைச் சாத்திவிட்டான்.

வீட்டு வாசலில் அல்முட்டின் சைக்கிள் நின்றது. பின்னால் கட்டிய கூடைக்குள் ஒரு வாளி. வாளியைச் சுற்றி ஆண்கள் போடும் நீலக் கம்பளிச் சட்டை ஒன்று இறுகக் கட்டப்பட்டிருந்தது. ஜெல்டோ குளிர்காலம் முழுக்க அதைத்தான் போட்டுக்கொண்டு திரிவான். வாளி மூடியின் மேல், தேநீர்க் கெண்டி ஆறாமல் இருக்கப் போடுகிற பஞ்சுத் தொப்பி. அல்முட் பக்கத்தில் விறைத்துப்போய் நின்றாள். ஓக்கோ கதவோரம் நின்று இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். செய்தித்தாள் அவன் கையில் இல்லை.

"என்ன பாத்துட்டே நிக்கற? கதவத் தொற, சூடு போயிடும்" என்றாள் அல்முட்.

உள்ளே கொண்டுபோய் மூடியைத் திறந்தார்கள். தண்ணீருக்கு அடியில், நீல ரோஜாப் பூப் போட்ட பழைய தேநீர்த் தட்டு ஒன்று. அதன் நடுவில் செம்மண் நிறக் கடல்சாமந்தி, விரல்களை மடக்கிச் சுருங்கி, தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"பிரிச்சு எடுத்தா கால் கிழிஞ்சுடும். நீதான் ஒரு தடவ சொன்ன. அதான் தட்டோடயே கொண்டாந்தேன்."

ஹில்கே வாளியருகே குந்தினாள். ஞாயிறு ஞாயிறாக எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன: எவ்ளோ கொட்டுவ, தேய்க்க மாட்டியா, கை வைக்காமயேவா, தானாவே போயிடுமா. விசாரணைக் கமிஷன் என்று நினைத்தாளே! இவள் கேட்டுக்கொண்டு போய்ச் செய்திருக்கிறாள்.

"எங்க வெச்சிருக்கீங்க?"

"சாமான் ரூம்ல. சின்னத் தொட்டிதான். யாரு வந்தாலும் கதவச் சாத்திடுவேன்." அல்முட் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். "ஜெல்டோ போனப்புறம் வீடு ரொம்ப அமைதியாயிடுச்சு ஹில்கே. கடியாரச் சத்தம் மட்டும்தான். உங்க வீட்டுக்கு வந்தா அந்தப் பம்பு ஓடற சத்தம், தண்ணிச் சத்தம், யாரோ இருக்கற மாதிரி இருக்கும். எனக்கும் ஒண்ணு வேணும்னு இருந்துச்சு. வருஷக் கணக்கா உன்னக் கிண்டல் பண்ணிட்டு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு உன்கிட்ட கேக்கறது? அதான் ரேவர்ட்கிட்ட போனேன். உன் சாமந்தின்னு தெரிஞ்சுதான் வாங்கினேன்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி."

"சொன்னா சிரிச்சிருப்ப."

"சிரிச்சிருப்பேன்."

"அதான்."

ஓக்கோ இருமினான். ஹில்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வருடம் பொறுத்ததற்கு ஒரு கேள்வியாவது கேட்காமல் விடக்கூடாது என்று கேட்டாள்: "தண்ணி? வாசல்ல இருந்து ஒரு வாளி மொண்டு ஊத்தினீங்களா?"

"உனக்கென்ன பைத்தியமா? அந்தச் சேத்தையா?" என்றாள் அல்முட். "மூட்டை உப்புதான். எம்டன் வரைக்கும் போய் வாங்குறேன், இங்க வாங்கினா உனக்குத் தெரிஞ்சுடுமேன்னு."

ஓக்கோதான் முதலில் சிரித்தான். பிறகு ஹில்கே. அல்முட் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை.

தட்டோடு தூக்கிப் பாறையின் நடுவில் வைத்தார்கள். பச்சைச் சாமந்தியைத் தொட்டியின் அந்தக் கோடிக்கு மாற்றியாயிற்று. ஆயிரம் லிட்டர் வெப்பக் கடலின் நட்ட நடுவில் நீல ரோஜாப் போட்ட தேநீர்த் தட்டு, பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்தது. எடுத்துவிடலாமா என்று யாரும் கேட்கவில்லை. சாமந்தி மெல்ல விரல்களை ஒன்றொன்றாக விரிக்கத் தொடங்கியது.

"ரெண்டா பிளக்கும் அண்ணி. பிளந்ததும் பாதி உங்களுக்கு."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் தினமும் இங்க வாங்க. எதுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்?" ஹில்கே கெண்டியை அடுப்பில் வைத்தாள். "மூணாவது கோப்பை வேற பாக்கி இருக்கு."

"அந்தக் கறுப்புக் கூண்டு மாட்டினியா?"

"மாட்டிட்டேன்."

"அசிங்கமாத்தான் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும், கழட்டாத."

மூவரும் தேநீர்க் கோப்பைகளோடு தொட்டிக்கு எதிரே நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். முதலில் வந்தது புருஷன்தான். எட்ட நின்று பார்த்துவிட்டு மூலைக்கு ஓடினான். கொஞ்ச நேரம் கழித்துக் கெசீனா வெளியே வந்தாள். மெலிந்துதான் இருந்தாள். பாறையைச் சுற்றினாள். தட்டின் விளிம்பை ஒரு கடி கடித்தாள், அல்முட்டின் தட்டு அல்லவா, கடிக்க வேண்டியதுதான். ஒரு விரலை உரசினாள், விலகினாள், மறுபடி உரசினாள். பிறகு உடம்பைத் திருப்பி உள்ளே நுழைந்தாள். நெளிந்து நெளிந்து உள்ளே போய், செம்மண் விரல்களுக்கு நடுவே தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டாள். புருஷனும் ஓடிவந்து பின்னால் ஒண்டிக்கொண்டான்.

"அவளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் ஹில்கே.

அல்முட் கண்ணைத் தொட்டியிலிருந்து எடுக்காமல், கரண்டியை எடுத்துத் தன் தேநீரைக் கலக்கினாள். சுற்றிச் சுற்றி, அடியில் கிடந்த கற்கண்டு கரையும் வரை கலக்கினாள். அந்த ஊரில் பிறந்த ஒருத்தி அப்படிச் செய்து ஓக்கோ அதுவரை பார்த்ததில்லை. ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். ஹில்கே அவன் காலை மிதித்தாள். அல்முட் ஒரு மடக்குக் குடித்தாள். "நல்லா இருக்கு" என்றாள்.